இசைத்தட்டும் இங்கிலாந்து வீடுகளும்

மேற்கத்தியச் செவ்வியல் இசைப் படைப்பொன்றை வீட்டில் அமர்ந்து தொடக்கம் முதல் முடிவு வரை கேட்கும் வழக்கம் கிராமபோனோடு சேர்ந்து பிறந்ததன்று; கருவி முதலில் வந்தது, அந்த இசை கேட்ட கால அளவு அதில் அடங்குவதற்கு மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற அரக்குத் தட்டில், 12 அங்குல அகலமுள்ள பெரிய தட்டாயினும், ஒரு பக்கத்துக்கு நான்கு அல்லது நாலரை நிமிட இசைக்குத்தான் இடம் இருந்தது. தனிப்பாட்டுக்கும் நடன இசைக்கும் அது போதும். பெரிய இசைக்குழுவுக்காகப் பெரும்பாலும் நான்கு பகுதிகளாக எழுதப்படும் சிம்பொனி என்னும் நெடும்படைப்புக்குப் போதாது. 1913இல் ஆர்தர் நிகிஷ் பெர்லின் ஃபில்ஹார்மனிக் இசைக்குழுவை நடத்திப் பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியைப் பதிவு செய்தபோது, அரைமணி நேரப் படைப்பு எட்டுப் பக்கங்களாகத் துண்டாடப்பட்டது. கேட்பவர் ஒவ்வொரு துண்டுக்கும் எழுந்து சென்று தட்டை மாற்றி, முள்ளையும் மாற்ற வேண்டியிருந்தது.

இத்தகைய தட்டுகளை வாங்குவோர் குறைவு என்பதால் நிறுவனங்கள் நீண்ட படைப்புகளைப் பதிவு செய்யத் தயங்கின. அந்தத் தயக்கத்தை உடைத்தவர்கள் கேட்பாளர்களே. நாவலாசிரியர் காம்ப்டன் மெக்கென்சி 1923 ஏப்ரலில் லண்டனில் தொடங்கிய ‘தி கிராமபோன்’ இதழ், நூல் மதிப்புரை எழுதுவதற்குரிய கவனத்தோடு இசைத்தட்டுகளை மதிப்பிட்டது. அதையொட்டி அவர் அமைத்த சங்கம், கடைகளில் கிடைக்காத அறை இசையை, அதாவது நால்வர் ஐவர் கூடி வாசிக்கும் சிறுகுழு இசையை, உறுப்பினர் சந்தாவைக் கொண்டு தட்டாக்கியது. இந்த வழியைப் பெருநிறுவனமான எச்.எம்.வி. பின்னர் தனதாக்கிக்கொண்டது. அங்கே பணியாற்றிய வால்ட்டர் லெக் என்ற இளைஞர், 1931இல் இசையமைப்பாளர் ஹூகோ வொல்ஃபின் பாடல்களுக்கு முன்பணம் செலுத்துவோரைத் திரட்டி, போதிய பேர் சேர்ந்த பிறகே பதிவுக்கு வழி செய்தார். அந்தச் சந்தாதாரர்களில் ஜப்பானியரும் இருந்தனர். பியானோ கலைஞர் ஆர்தர் ஷ்னாபெல் பீத்தோவனின் 32 பியானோ சொனாட்டாக்களையும் முதன்முறையாகத் தட்டில் முழுமையாக்கியதும் இத்தகைய சந்தா முறையால்தான். சந்தைக்கு முன்பே கேட்பவர் வந்து நின்ற இந்த வழக்கம், பிற்கால வரலாற்றைப் புரிந்துகொள்ள முக்கியமானது.

அதே கேட்பாளர்கள் கருவியையும் சும்மா விடவில்லை. லண்டனில் ஈ.எம்.ஜி. என்ற சிறு நிறுவனம் கையால் செய்து விற்ற கிராமபோன்களில், காகிதக் கூழால் வார்த்த ஒலிக்கூம்பு வாயகலத்தில் ஏறத்தாழ இரண்டரை அடி இருந்தது. நடுத்தர வீட்டின் முன்னறையில் அதை வைத்தால் மற்ற மரச்சாமான்கள் ஒதுங்கித்தான் நிற்க வேண்டும். மின்சாரத்தால் ஒலியைப் பெருக்கும் கருவிகள் அப்போது சந்தையில் இருந்தும், செவிப்புலன் கூர்ந்த பலர் இந்தக் கூம்பையே விரும்பினர். முள் பற்றிய சர்ச்சையோ தனிப் புராணம். அரக்குத் தட்டில் வேண்டுமென்றே கல்தூள் கலந்திருந்தனர்; எஃகு முள் தட்டின் தடத்துக்குள், அதாவது அதன்மேல் சுருளாக ஓடும் நுண்பள்ளத்துக்குள், உராய்ந்து அதன் வடிவத்துக்கே தேய்ந்து பொருந்த வேண்டும் என்பது ஏற்பாடு. தட்டும் கூடவே தேயும் என்று அஞ்சியவர்கள் மூங்கிலால் செய்த முக்கோண முள்ளையும் கள்ளி முள்ளையும் நாடி, பக்கத்துக்கு ஒரு முறை மூங்கில் முள்ளைச் சிறு கத்தரியால் வெட்டிக் கூர்படுத்திக்கொண்டனர். நான்கு நிமிட இசைக்கு இத்தனை சடங்கா என்று இன்று தோன்றலாம். ஆயினும் கைவேலையில் பொறுமை பழகிய இந்தக் கூட்டமே அடுத்த தலைமுறைக் கருவிகளுக்கும் வாடிக்கையாயிற்று.

பக்கத்தின் நீளத்தை மாற்றிய முயற்சி அமெரிக்காவில் வெற்றி கண்டது. நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகம் புதியதன்று. 1926இல் பேசும் படங்களுக்காக, திரைப்படச் சுருள் ஒன்று ஓடும் நேரத்துக்கு ஈடாகப் பெருந்தட்டுகளில் அது பயன்பட்டது. கொலம்பியா நிறுவனம் அந்த வேகத்தோடு மெல்லிய தடத்தையும், வினைல் என்னும் நெகிழிப் பொருளையும் இணைத்தது. இந்தியாவின் காடுகளிலிருந்து சென்ற அரக்கு இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கிடைப்பதற்கு அரிதாகியிருந்தது. வினைலோ கல்தூள் கலக்காததால் இரைச்சல் குறைந்தது, அங்குலத்துக்கு ஏறத்தாழ நூறு தடம் ஓடிய இடத்தில் இருநூறுக்கு மேல் ஓடவும் இடம் தந்தது. பக்கத்துக்கு 17 நிமிடம் இருந்தால் செவ்வியல் படைப்புகளில் மிகப் பெரும்பாலானவை ஒரே தட்டில் அடங்கும் என்று நிறுவனத் தலைவர் எட்வர்ட் வாலர்ஸ்டைன் கணக்கிட்டு, அதையே பொறியாளர்களுக்கு இலக்காக வைத்தார். 1948 ஜூனில் எல்.பி., அதாவது நீண்ட நேரம் ஓடும் தட்டு, அறிவிக்கப்பட்டபோது 12 அங்குல வரிசையின் முதல் எண் நேதன் மில்ஸ்டைன் வாசித்த மெண்டல்சனின் வயலின் கன்சர்ட்டோவுக்குக் கிடைத்தது. பிராம்ஸ் இசை நடுவில் அறுபட்ட எரிச்சலில் பொறியாளர் பீட்டர் கோல்ட்மார்க் இதைக் கண்டுபிடித்தார் என்ற கதை பரவலாகச் சொல்லப்படுகிறது. வில்லியம் பாக்மன் முதலிய பொறியாளர்களின் பங்கை அந்தக் கதை மறைத்துவிடுகிறது.

இங்கிலாந்தில் இதைப் பற்றிக்கொண்ட நிறுவனம் டெக்கா. போர்க் காலத்தில் எதிரி நீர்மூழ்கிக் கப்பலின் ஒலியை நட்புக் கப்பலின் ஒலியிலிருந்து பிரித்தறிய விமானப்படைக்குப் பயிற்சித் தட்டுகள் தேவைப்பட்டபோது, டெக்கா பொறியாளர் ஆர்தர் ஹாடியின் குழு மிக உயர்ந்த சுருதிகளையும் பதியும் முறையை உருவாக்கியது. போர் முடிந்ததும் அதே முறை இசைக்குத் திரும்பியது. இசைக்குழு நடத்துநர் எர்னஸ்ட் அன்செர்மே 1946இல் லண்டனில் பதிவு செய்த ஸ்ட்ராவின்ஸ்கியின் ‘பெட்ருஷ்கா’ அதன் வீச்சைப் பலருக்குக் காட்டிற்று. 1950 ஜூனில் டெக்கா உள்நாட்டில் எல்.பி. விற்கத் தொடங்கியது, எச்.எம்.வி.யின் தாய் நிறுவனமான ஈ.எம்.ஐ. 1952 அக்டோபர் வரை தாமதித்தது. தட்டில் செறிந்திருந்த ஒலியைப் பழைய கருவிகளால் வெளிக்கொணர இயலவில்லை என்பதே அடுத்த சிக்கல்.

அதற்கு விடை காண முயன்றவர்களில் பலர் வீட்டில் பற்றவைப்புக் கோலைக் கையில் எடுத்த கேட்பாளர்கள். பொறியாளர் டி.டி.என். வில்லியம்சன் 1947இல் ‘வயர்லெஸ் வேர்ல்டு’ இதழில் வெளியிட்ட ஆம்ப்ளிஃபையர் (ஒலிச் சமிக்ஞையைப் பெருக்கும் கருவி) வரைபடம், 15 வாட் வலுவுக்கு ஒலிச் சிதைவை ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறக்கியது. வெளிவரும் சமிக்ஞையில் ஒரு பங்கைத் திருப்பி உள்ளே செலுத்திப் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் பின்னூட்ட முறையே அதன் உயிர்நாடி. வரைபடத்தைப் பார்த்துப் பலரும் வீட்டிலேயே அதைக் கட்டினர். பிராட்ஃபோர்டில் வார்ஃப்டேல் ஸ்பீக்கர்களைச் செய்த கில்பர்ட் பிரிக்ஸ், பெட்டியின் பலகை தானே அதிர்ந்து ஒலியைக் கெடுப்பதைத் தடுக்க இரண்டு பலகைகளுக்கு நடுவே மணல் நிரப்பினார். செங்கல்லால் கட்டிய பெட்டிகளையும் சோதித்தார். 1954 நவம்பரில் அவரும் ஆம்ப்ளிஃபையர் வடிவமைப்பாளர் பீட்டர் வாக்கரும் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் அரங்கில் மேடைக் கலைஞர்களின் வாசிப்பையும் அதன் பதிவையும் அடுத்தடுத்து ஒலிக்கச் செய்த நிகழ்ச்சிக்கு நுழைவுச்சீட்டு எல்லாம் விற்றுத் தீர்ந்தது. வாக்கர் 1957இல் பெட்டியையே நீக்கிவிட்டார்: அவரது க்வாட் நிலைமின் ஸ்பீக்கரில், மின்னூட்டிய மெல்லிய நெகிழித்தாள் ஒன்று இரு தகடுகளுக்கிடையே அதிர்ந்து ஒலி எழுப்பியது.

தட்டின் மறுபாதிப் பிரச்சினை சுழற்சியிலேயே இருந்தது. வேகம் மாறாமல் சுழலும் தட்டில் வெளிவட்டத்தில் நொடிக்கு ஏறத்தாழ 20 அங்குலத் தடம் ஊசியைக் கடக்கும்; மையத்தை நெருங்கும்போது அது எட்டு அங்குலத்துக்குச் சுருங்கும். குறைந்த நீளத்தில் அதே இசையை நெருக்கிப் பதிவதால் அங்கே ஒலி சிதையும். பாட்டுகளைத் தொகுத்த தட்டில் மென்மையான ஒன்றைக் கடைசியில் வைத்துச் சமாளிக்கலாம். பெருமுழக்கத்தோடு முடியும் சிம்பொனிக்கு அந்தச் சலுகை இல்லை.

ஸ்டீரியோ, அதாவது இடமும் வலமுமாக இரு தனி ஒலிகளை ஒரே தடத்தின் இரு சுவர்களில் பதியும் முறை, ஈ.எம்.ஐ. பொறியாளர் ஆலன் புளும்லைனின் 1931 காப்புரிமையிலேயே இருந்தது. அவர் 1942இல் ராடார் சோதனை விமானம் விழுந்து இறந்தார், அவரது நிறுவனமோ அதைக் கிடப்பில் போட்டிருந்தது. 1958இல்தான் ஸ்டீரியோ தட்டுகள் கடைக்கு வந்தன. அவ்வாண்டே டெக்காவின் தயாரிப்பாளர் ஜான் கல்ஷா, ஜார்ஜ் ஷோல்ட்டி நடத்திய வாக்னரின் ‘ரைன்கோல்டு’ இசைநாடகத்தை வியன்னாவில் பதிவு செய்து, மேடையைப் பார்க்காத கேட்பாளருக்குப் பாத்திரங்கள் எங்கே நிற்கின்றனர் என்பதைக் காதாலேயே காட்ட முயன்றார்; வாக்னர் கேட்டிருந்த 18 பட்டடைகளும் உண்மையாகவே அடிக்கப்பட்டன. முன்பு சந்தா திரட்டிய அதே வால்ட்டர் லெக், அப்போது ஈ.எம்.ஐ.யின் செல்வாக்குமிக்க தயாரிப்பாளர், இது விற்காது என்று கல்ஷாவிடம் சொன்னாராம். அரக்குத் தட்டில் முப்பத்தைந்து பக்கத்துக்கு மேல் பிடித்திருக்கக்கூடிய அந்தப் படைப்பு, மூன்று எல்.பி. தட்டுகளில் ஆறு பக்கமாக அடங்கி, நன்றாகவே விற்றது. தேவர்கள் வானவில் பாலத்தில் ஏறித் தம் கோட்டைக்குள் நுழையும் முழக்கம் மட்டும் ஆறாம் பக்கத்தின் மிக நெருங்கிய உள்வட்டங்களில் விழுந்து, நீள்வட்ட முனையுள்ள ஊசிகள் 1960களில் பரவும் வரை பல வீடுகளில் கரகரத்துக்கொண்டே முடிந்தது.