மின்மறிப்பு

‘மறி’ என்னும் வினை தடுத்தலையும் திருப்புதலையும் குறிக்குமாதலின், மாறுதிசை மின்னோட்டத்தை ஒரு மின்சுற்று தடுக்கும் மொத்த அளவு மின்மறிப்பு எனப்படும். இதற்கு ஈடான ‘இம்பீடன்ஸ்’ என்னும் சொல்லை 1886-இல் ஆங்கிலேய அறிஞர் ஆலிவர் ஹெவிசைடு ஆக்கினார். அதன் வேரான இலத்தீன் வினை காலைத் தளையிடுதலைச் சுட்டுவது. ஓட்டத்தின் மாற்றத்தைத் தானே எதிர்க்கும் பண்பாகிய மின்தூண்டத்திற்கு ‘இண்டக்டன்ஸ்’ என்று பெயரிட்டவரும் அவரே.

மின்மறிப்பு, ஆற்றலை வெப்பமாக இழக்கச் செய்யும் மின்தடையும் அதனைத் தேக்கித் திருப்பித் தரும் மின்மறுப்பும் சேர்ந்தது. இவ்விரண்டும் செயற்படுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு: உள்கம்பியும் அதைச் சூழ்ந்த பின்னலுறையும் கொண்ட ஓரச்சு வடத்தின்மேல், இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கானாகிய ஃபெரைட் உள்ளகத்தைக் கோக்கும்போது, உள்கம்பியிலும் பின்னலுறையின் உட்புறத்திலும் எதிரெதிராக ஓடும் மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் வெளியே ஒன்றையொன்று நீக்கிக்கொள்வதால் சைகை தடையின்றிச் செல்ல, உறையின் வெளிப்புறத்தில் பரவும் வேண்டா மின்னோட்டம் மட்டுமே மறிக்கப்படுகிறது. தாழ்ந்த அதிர்வெண்ணில் மின்தூண்டம், உள்ளகத்தில் வடம் சுற்றப்படும் சுற்றுகளின் எண்ணிக்கையின் இருமடிக்கேற்ப உயர்கிறது. அதிர்வெண் மெகாஹெர்ட்ஸ் அளவில் ஏற ஏற, பல ஃபெரைட் வகைகளில் உள்ளகத்தின் இழப்பு மேலோங்கி மின்தடைக் கூறே பெரிதாகிறது. ஆதலால் தாழ்ந்த அதிர்வெண்ணில் அளந்த மின்தூண்டத்தைக் கொண்டு மின்மறிப்பைக் கணித்தல் பிழையாகும்; வடம் பயன்படும் அதிர்வெண்ணிலேயே இரு கூறுகளையும் அளத்தல் வேண்டும்.