செத்த காலேஜும் உயிர் காலேஜும்

போன மாதம் எதிர்வீட்டுப் பையன் பள்ளிக்கூடச் சுற்றுலாவாக வண்டலூர் போய்விட்டு வந்தான். திண்ணையில் உட்கார்ந்திருந்த என்னிடம் வெள்ளைப்புலி பார்த்த கதையைச் சொன்னான். "ஓ, உயிர் காலேஜுக்குப் போய் வந்தியா?" என்று கேட்டுவிட்டேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "தாத்தா, அது காலேஜ் இல்ல, ஜூ!" என்றான்.

இதைப் படிக்கிறவர்களில் என் வயதுக்காரர்கள் சிரிக்க மாட்டார்கள். நம் காலத்தில் எழும்பூர் மியூசியம் 'செத்த காலேஜ்', சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. இங்கே சுண்ணாம்புக்குளத்திலிருந்து, ஆரம்பாக்கத்திலிருந்து, எளாவூரிலிருந்து ரயிலேறிப் பட்டணம் போகிறவர்கள் இரண்டு காலேஜையும் பார்த்துவிட்டு, மூர் மார்க்கெட்டில் ஏதாவது வாங்கிக்கொண்டு திரும்பினால்தான் பட்டணம் போய்வந்ததாகக் கணக்கு.

காலேஜ் என்ற பெயர் சும்மா வந்ததல்ல. 1851-ல் மியூசியம் தொடங்கியபோது அது நுங்கம்பாக்கத்தில், கம்பெனி அதிகாரிகளுக்கு நம் பாஷைகளைச் சொல்லிக்கொடுத்த கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில்தான் இருந்தது. இன்றைக்கும் அந்தத் தெரு காலேஜ் ரோடுதான். பிறகு எழும்பூர் பாந்தியன் ரோட்டுக்கு மியூசியம் இடம் மாறியது. ஜனங்கள் வாயில் காலேஜ் மட்டும் மாறவில்லை.

அந்த மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்துக்கார டாக்டர். பட்டாளத்து வைத்தியர். மரங்களை வெட்டினால் மழை குறையுமா என்று 1849-லேயே கட்டுரை எழுதியவர். இந்தியாவைப் பற்றி ஒரு கலைக்களஞ்சியமும் தொகுத்தார். ஒரு மனிதர் பகலில் ஆபீஸ் வேலை பார்த்துக்கொண்டு இத்தனையும் எப்படிச் செய்தார் என்று, முப்பத்தைந்து வருஷம் கோப்புகளுக்கு நடுவில் இருந்த எனக்கு ஆச்சரியம்.

மியூசியத்தில் கல்லும் எலும்பும் பாடம்செய்த பறவையும் இருந்தன. கூடவே உயிரோடு ஒரு சிறுத்தையும் புலிக்குட்டியும் கொஞ்ச நாள் இருந்திருக்கின்றன. ஜனங்கள் கல்லைத் தாண்டி நேராகப் புலிக்குட்டியிடம் போனார்கள். பால்ஃபர் இதைக் கவனித்தார். அப்போது ஆற்காட்டு நவாப் குலாம் கௌஸ் கான் சொந்தமாக மிருகங்கள் வளர்த்துவந்தார். அவரிடம் பேசி அந்த மிருகங்களை மியூசியத்துக்கு வாங்கிக்கொண்டார். 1855-ல் மிருகக்காட்சிசாலை தொடங்கியது. அடுத்த வருஷமே முந்நூறுக்கு மேல் பிராணிகள்.

அதே 1855 அக்டோபரில் நவாப் வாரிசில்லாமல் இறந்துபோனார். கம்பெனி சர்க்கார் நவாப் பட்டத்தையே ஒழித்து, சேப்பாக்கம் அரண்மனையையும் எடுத்துக்கொண்டது. மிருகங்களை முன்கூட்டியே கொடுத்துவிட்டதால் அவை மட்டும் ஊர்ச் சொத்தாக நின்றன.

இதைப் படித்தபோது எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. அப்பாவுக்குப் புதுச்சேரியில் வேலை. அதனால் நான் படித்தது பிரெஞ்சு வழிப் பள்ளியில். அம்மா பிறந்த ஊர் இந்த சுண்ணாம்புக்குளம். கோடை விடுமுறைக்கு மட்டும் இங்கே. எங்கள் சரித்திர வாத்தியார் முசியே, பிரெஞ்சுப் புரட்சியை நடத்தும்போது ஒன்று சொல்வார். 1793-ல் ராஜா தலையை வெட்டினார்கள். அதே வருஷம் வெர்சாய் அரண்மனையில் மிச்சமிருந்த ராஜாவின் மிருகங்களைப் பாரிஸ் தாவரத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து ஜனங்களுக்குக் காட்ட ஏற்பாடு செய்தார்கள். ராஜா போனார், சிங்கம் பொதுவாகிவிட்டது என்பார். நம் ஊரிலும் ஏறக்குறைய அதே கதை நடந்திருக்கிறது என்று அந்த முசியேவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. பாரிஸ் பாடத்தில் இருந்தது, சேப்பாக்கம் இல்லை.

மியூசியத்தில் இடம் போதவில்லை. 1859-ல் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், சென்ட்ரலுக்குப் பக்கத்தில் 116 ஏக்கரில் ஜனங்களுக்காக ஒரு பூங்கா போட ஏற்பாடு செய்தார். அதுதான் பீப்பிள்ஸ் பார்க். பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தப் பார்க் இதுதான். 1860-களின் தொடக்கத்தில் மிருகங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. பராமரிப்பு முனிசிபாலிட்டியிடம் வந்தது. கல்கத்தா அலிப்பூர் பூங்கா 1876-ல்தான் வந்தது. நம்முடையது அதற்கு இருபது வருஷம் மூத்தது.

பூங்காவில் வருஷக் கடைசியில் பெரிய கண்காட்சி நடக்கும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தக் கண்காட்சியில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டுபோனார்கள். அதற்குப் பிறகு பூங்கா கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. விக்டோரியா பப்ளிக் ஹால் ஒரு மூலை, 1900-ல் மூர் மார்க்கெட் ஒரு மூலை, 1913-ல் ரிப்பன் கட்டடம் ஒரு மூலை, பிறகு ஸ்டேடியம். எல்லாம் அழகான கட்டடங்கள்தான், குறை சொல்லவில்லை. மிருகங்களுக்கு ஓட்டுரிமை இல்லை, அவ்வளவுதான்.

நான் முதன்முதலில் உயிர் காலேஜ் பார்த்தது 1959 கோடையில். பத்து வயது. ரயிலில் போகவில்லை, தோணியில் போனேன். எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். இந்த ஏரியில் கிளிஞ்சல் வாரி, சுட்டு, சுண்ணாம்பாக்குவது பழைய தொழில். ஊர்ப்பெயரே அதனால்தான் வந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். பட்டணத்துப் பழைய வீடுகளின் கண்ணாடி மாதிரி வழவழக்கும் சுவரெல்லாம் கிளிஞ்சல் சுண்ணாம்புதான். ஏரியைக் கடந்து பழவேற்காடு வந்து பக்கிங்காம் கால்வாயில் இறங்கினால் தோணி நேராகப் பேசின் பிரிட்ஜில் போய் நிற்கும். காற்றிருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் நடந்து கயிறு இழுக்க வேண்டும். என் தாய்மாமன் கிளிஞ்சல் மூட்டை ஏற்றிப்போன ஒரு நடையில் என்னையும் கூட்டிப்போனார். இரண்டு ராத்திரி தோணியிலேயே தூக்கம்.

மூட்டை இறக்கின பிறகு மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அப்போது டிக்கெட் கிடையாது. லுங்கியும் தோளில் துண்டுமாக யார் வேண்டுமானாலும் நுழையலாம். சிங்கம் பார்த்தோம், படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. கூண்டு சின்னது, நாற்றம் பெரிது. இதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்துகொண்டே இருந்த ஒரு கரடி இப்போதும் கண்ணில் இருக்கிறது.

குளத்தருகே வந்ததும் மாமா நின்றுவிட்டார். உள்ளே இரண்டு மூன்று கூழைக்கடா. வேலைக்காரர் ஒருவர் கூடையிலிருந்து மீனை எடுத்து எறிந்துகொண்டிருந்தார். மாமா அவரையே பார்த்தார். ஏரியில் எங்கள் வலைக்குப் பக்கத்தில் வந்து மீன் அடிக்கும் அதே பறவை. "நாம கல்லால அடிச்சி தொரத்தறோம். இங்க காசு குடுத்து மீன் வாங்கிப் போடறான் பாரு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னாத்துக்குடா இத புடிச்சி வச்சிகீறாங்க? பறக்க உட்டா நம்மூருக்குத்தான் வரும்," என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

திரும்பும் வழியில் அவர்தான் 1942 கதையைச் சொன்னார். அந்த ஏப்ரலில் ஜப்பான்காரன் கொழும்பில் குண்டு போட்டான். மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் போட்டான். சென்னையே காலியானது. எங்கள் பக்கத்துக் கிராமங்களிலும் பட்டணத்துக் குடும்பங்கள் வந்து தங்கின என்பார். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் புலி தெருவில் இறங்கிவிடும் என்று பயந்த சர்க்கார், மலபார் போலீஸை வரவழைத்து சிங்கம், புலி, சிறுத்தை, கரடி எல்லாவற்றையும் கூண்டுக்குள்ளேயே சுட்டுவிட்டது. அப்போது ஒரு குண்டும் விழவில்லை. அந்த வார்த்தையை மாமா சொன்ன விதத்தில், யாரோ சொந்தக்காரர் செத்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது.

மறுபடியும் முசியே. 1870-ல் ஜெர்மன்காரர்கள் பாரிஸை முற்றுகையிட்டபோது, பட்டினியில் நகரத்தார் மிருகசாலை யானைகளைக் கொன்று கறியாக விற்றார்கள். காஸ்தோர், பொல்லுக்ஸ் என்று அவற்றுக்குப் பெயர். சிங்கம் புலிகளைத் தொடவில்லை. வகுப்பில் இதைச் சொல்லிவிட்டு முசியே கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார். அங்கே பசிக்கு சாதுவானதைக் கொன்றார்கள், இங்கே பயத்துக்குக் கொடியதைக் கொன்றார்கள். மாமாவிடம் யானைக் கதையைச் சொன்னேன். "யானைய துன்னுவானுங்களா?" என்று தோணி பேசின் பிரிட்ஜ் தாண்டும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார்.

1971-ல் சென்னையில் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்தேன். என் பிரெஞ்சு அங்கே ஒரு காசுக்கு உதவவில்லை. டைப்ரைட்டிங் ஹையர்தான் உதவியது. சம்பளம் போதாத நாட்களில் மதியம் சோற்றுப்பொட்டலத்தோடு உயிர் காலேஜ் மரத்தடிக்குப் போய்விடுவேன். இலவசமாக நிழல் கிடைக்கும் இடம் அந்தப் பக்கத்தில் வேறு இல்லை. 1975-ல் ஐம்பது பைசா டிக்கெட் வந்தது. அதோடு என் மதியச் சாப்பாடு ஆபீஸ் வராண்டாவுக்கு மாறியது. அந்த ஐம்பது பைசாவில் எனக்கு இன்றும் கொஞ்சம் வருத்தம் உண்டு.

அதற்குள் பூங்காவைச் சுற்றி பஸ், ரயில், புகை, சத்தம். மிருகங்கள் வாழ முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. 1979-ல் வண்டலூர் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கி வேலை தொடங்கினார்கள். 1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் எரிந்தது. இரண்டு மாதத்துக்குள், ஜூலை 24 அன்று, முதலமைச்சர் எம்.ஜி.ஆர். வண்டலூர் பூங்காவைத் திறந்துவைத்தார். அறிஞர் அண்ணா பெயர் வைத்தார்கள். ஒரே கோடையில் எங்கள் பட்டணப் பயணத்தில் பாதி காணாமல் போயிற்று.

ஆனால் மிருகங்களுக்கு நல்லதுதான் நடந்தது. கம்பிக்கூண்டுக்குப் பதில் அகழி. நடுவில் மரம், புல், பாறை. 1998-ல் சிங்கம், புலி, சிறுத்தை, கரடி, குரங்கு இவற்றை வைத்து சர்க்கஸ் காட்டக்கூடாது என்று மத்திய அரசு தடை போட்டது. அப்படி மீட்கப்பட்ட சர்க்கஸ் சிங்கங்களுக்கு அடைக்கலம் கொடுத்த இடங்களில் வண்டலூரும் ஒன்று. சிங்கவால் குரங்கு போன்ற அருகிவரும் இனங்களை அங்கே இனப்பெருக்கம் செய்கிறார்கள். விமான நிலையத்தில் சூட்கேஸிலிருந்து பிடிபடும் நட்சத்திர ஆமைகளும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. பழைய பூங்காவுக்கு இந்த வேலையெல்லாம் கிடையாது. காட்டுவது ஒன்றுதான் அதன் வேலை.

கஷ்டமும் வந்தது. 2016 டிசம்பர் 12, வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது, பூங்காவை மூடவேண்டியிருந்தது. அந்த நாள் இங்கே ஏரிக்கரையில் எங்கள் கூரையும் போயிற்று. 2021 ஜூனில் சிங்கங்களுக்கே கொரோனா வந்தது. ஜூன் 3 அன்று நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். அந்த மாதம் எங்கள் தெருவிலேயே சாவு இருந்தது. இருந்தும் ஒரு சிங்கத்துக்காகவும் கண் கலங்கிற்று.

மாமாவை ஒருமுறை வண்டலூருக்குக் கூட்டிப்போனேன். 1987 தையில் என்று ஞாபகம். எழுபதைத் தாண்டியிருந்தார், முட்டிவலி. கால்வாய் ஓட்டமெல்லாம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. 1965, 66 புயல்களில் கால்வாய் நாசமாகி, தோணிகள் கரையில் கிடந்து உளுத்துப்போன காலம். கொஞ்ச தூரம் நடந்தார், உட்கார்ந்தார். புலி அகழிக்கு அப்பால் எங்கோ புதரில் இருந்தது. "இன்னாடா இது, மிருகத்தக் காணோம், காடுதான் கீது," என்று கோபித்துக்கொண்டார். எனக்கும் ஏமாற்றம்தான். அரைநாள் லீவு போட்டு, பஸ் மாறி மாறிக் கூட்டிவந்திருந்தேன்.

கடைசியில் ஓட்டேரி ஏரிக் கரையில் உட்காரவைத்துத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அந்த ஏரி பூங்காவுக்குள்ளேயே இருக்கிறது. குளிர்காலத்தில் வெளியிலிருந்து பறவைகள் தாமாக வரும்; வேலியோ வலையோ கிடையாது. கூழைக்கடாக்கள் நாலைந்து தண்ணீரில் மிதந்தன. மாமா கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"இது தானா வந்ததா, கொண்டாந்து வச்சதா?"

"தானா வந்தது மாமா. கட்டி வைக்கல."

ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு ஒன்று சிறகடித்து எழும்பி, வடக்குப் பக்கம் திரும்பிற்று. "நம்மூருக்குத்தான் போவுது," என்றார். பஸ்ஸில் வீடு திரும்பும்வரை முட்டிவலியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

எதிர்வீட்டுப் பையனிடம் ஓட்டேரி ஏரியைப் பார்த்தாயா என்று கேட்டேன். அந்தப் பக்கம் கூட்டிப்போகவில்லையாம். அடுத்த தடவை போனால் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.