தாமதம் யாருடையது?



போன மாதம் பேத்தி ஒரு பாட்டைப் பதிவு செய்ய உட்கார்ந்தாள். லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி. மைக்கை இணைக்க ஒரு சின்ன யுஎஸ்பி பெட்டி. ஹெட்போனில் தாளம் ஓடும். அவள் குரலும் அதிலேயே கேட்கும். இரண்டு வரி பாடியவள் நிறுத்திவிட்டாள். "தாத்தா, எனக்குத் தாளமே நிக்க மாட்டேங்கு. இனிமே பாட்டு கிளாசுக்குப் போவல" என்றாள்.

நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு "ஒன்று" என்றேன். என் குரல் சற்றுப் பிந்தி என்னிடமே வந்தது. தாளம் தவறியது பிள்ளை அல்ல.

உங்களைக் குளக்கரைக்கு அழைத்துப்போய் எதிர்க்கரையில் துணி துவைப்பதைப் பார்க்கச் சொன்னேனே, நினைவிருக்கிறதா? அடிப்பது முதலில் தெரியும். சத்தம் பிறகு வரும். ஒலி காற்றில் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். கணினிக்குள்ளும் ஒரு குளம் உண்டு. அது ஒலியை வினாடிக்கு 48,000 துணுக்குகளாக நறுக்கி, கட்டுக்கட்டாக அனுப்பும். ஆள் நிரம்பினால்தான் கிளம்பும் ஷேர் ஆட்டோ மாதிரி. எங்கள் கணினியில் கட்டுக்கு 1,024 துணுக்கு, வரிசையில் 3 கட்டு. வெளியே வரும் பாதையில் மட்டும் 64 மில்லிவினாடி. தன் குரலையே 22 மீட்டர் தள்ளி நின்று கேட்பது போல!

கட்டைச் சிறிதாக்கினால் போதாதா? சிறிய கட்டு என்றால் கணினி சொன்ன நேரத்துக்கு வந்து நிரப்ப வேண்டும். ஒருமுறை பிந்தினாலும் 'டப்' என்று ஒலி வெட்டும். லினக்ஸின் கெர்னல் அந்தக் காலத்தில் தொடங்கிய வேலையை நடுவில் விடாது. 2000-இல் பால் பார்ட்டன் டேவிஸ், பென்னோ செனோனர் முதலிய இசை மென்பொருள்காரர்கள் இதைச் சரிசெய்யும்படி கூட்டாக எழுதினார்கள். அவசர வேலைக்கு நடுவில் வழிவிடும் ராபர்ட் லவ்வின் ஏற்பாடு, 2003 டிசம்பரில் 2.6 பதிப்போடு வந்தது. இன்னும் கண்டிப்பான 'ரியல்டைம்' பேட்ச்சை 2004-இல் இங்கோ மோல்னார் தொடங்கினார். தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் அதை இருபது ஆண்டு தனியே கட்டிக்காத்தார்கள். 2024 செப்டம்பரில் வியன்னாவில், அதைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பத்தை அச்சிட்டு, தங்க நிறத் தாளில் சுற்றி லினஸ் டோர்வால்ட்ஸ் கையிலேயே கொடுத்தார் கிளைக்ஸ்னர். நவம்பரில் 6.12 பதிப்போடு அது வெளிவந்தது. இதற்கிடையே யுஎஸ்பி ஒலியின் தாமதத்தைக் குறைக்கத் தகாஷி இவாய் செய்த திருத்தங்கள், 2022 ஜனவரியில் 5.16 பதிப்பில் வந்தன.

இவ்வளவு பேர் உழைத்தும் எங்கள் வீட்டில் ஏன் தாமதம்? அமைப்புகளை நாங்கள் தொடவே இல்லை. யுஎஸ்பி ஹப்பை விட்டுவிட்டுப் பெட்டியை நேரே கணினியில் செருகினோம். பேத்தியின் கணக்கை 'ஆடியோ' குழுவில் சேர்த்து ரியல்டைம் முன்னுரிமை கொடுத்தோம். மின்சாரம் மிச்சம்பிடிக்கும் அமைப்பை நிறுத்தினோம். கட்டை 128 ஆக்கினால் 'டப் டப்'. 256-இல் சுத்தமாக நின்றது. 64 மில்லிவினாடி 16 ஆனது; ஐந்தரை மீட்டர், ஒரு மேடையின் அகலம். பெட்டியிலேயே நேராகக் கேட்கும் பொத்தான் இருந்தால் இந்தப் பாடெல்லாம் வேண்டாம். எங்களுடையதில் இல்லை.

பேத்தி மறுபடி பாடினாள். தாளம் நின்றது. வெள்ளிக்கிழமை வகுப்புக்கும் போய்விட்டாள்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். கேள்வி கேட்டவுடன் பதில் சொல்லாதவர்களை வகுப்பில் 'மந்தம்' என்று சொல்லியிருக்கிறேன். உங்களில் சிலருக்கு அது மறந்திருக்காது. தாமதம் எங்கே என்று பார்க்காமலே பிள்ளை மேல் பழி போட்டேன். மன்னித்துவிடுங்கள்.

என்றும் உங்கள்
அறிவியல் வாத்தியார்