பஞ்சமும் பணியும்: பண்டித ரமாபாய் வாழ்வில் ஒரு திருப்பம்

பண்டித ரமாபாயின் (1858–1922) கிறித்தவத் தொண்டினை ஆராய்வோர், அவர் இங்கிலாந்தில் வான்டேஜ் என்னும் ஊரில் திருமுழுக்குப் பெற்ற 1883ஆம் ஆண்டினையே திருப்புமுனையாகக் கொள்வர். நிகழ்ச்சிகளை நிரலே நோக்கின், அத்தொண்டிற்கு உருவளித்தது பின்னர் வந்த பஞ்சமே என்பது புலனாகும்.

மராத்திய வேதியர் குடியிற் பிறந்த ரமாபாய், தந்தையார் அனந்த சாத்திரியாருடன் ஊர்தோறும் சென்று புராணம் படித்து வாழ்ந்தவர். 1870களின் பஞ்சக் காலத்தில் தாய், தந்தை, தமக்கை மூவரையும் இழந்தார். 1880இல் தமையனும், 1882இல் கணவரும் மறைந்தனர். கைக்குழந்தையுடன் கைம்மை எய்தியபின்னரே அவர் இங்கிலாந்து சென்றார்.

திருமுழுக்கிற்குப்பின் ஆறாண்டு கழித்து, 1889இல் பம்பாயில் அவர் நிறுவிய சாரதா சதனமோ உயர்குலக் கைம்பெண்களின் கல்வியையே நோக்கமாகக் கொண்டது. சமயப் போதனையை மேற்கொள்ளவில்லை. எனவே, மதமாற்றம் ஒன்றே பணியை வரையறுத்தது எனல் பொருந்தாது.

1896–97இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியது. ரமாபாய் ஆங்குச் சென்று, பட்டினியுற்ற நூற்றுக்கணக்கான பெண்களைப் புனைக்கு அருகிலுள்ள கேட்காமுக்கு அழைத்துவந்தார். உயர்குலம் என்னும் பழைய வரையறை அங்குத் தளர்ந்தது. விடுதலை எனப் பொருள்படும் 'முக்தி' இல்லம் இவ்வாறு வளர்ந்தது. நெசவும் அச்சுத்தொழிலும் அப்பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டன. ரமாபாய் செய்த மராத்தி விவிலிய மொழிபெயர்ப்பும் அவ்வில்லத்து அச்சகத்திலேயே உருப்பெற்றது.

தம் குடும்பம் உற்ற பசியினை அவரே எழுதியுள்ளார். அப்பசியை அறிந்தமையாலன்றோ பிறர் பசி அவருக்கு அழைப்பாயிற்று! சமயம் அவருக்கு நம்பிக்கை தந்தது. அந்நம்பிக்கை எவர்பாற் செல்லவேண்டும் என்பதைத் துன்பம் காட்டிற்று எனலாம்.