ஸ்டீயரிங் கிளட்சின் வரலாறும் பழுதறியும் முறையும்: அரியலூர், பெரம்பலூர் சுண்ணாம்புக்கல் சுரங்க டோசர்களை முன்வைத்து

செயின் டோசரில் திருப்புவதற்கென்று தனிச் சக்கரம் கிடையாது. ஒரு பக்கச் செயினுக்குப் போகும் விசையைத் துண்டித்து, தேவைப்பட்டால் பிரேக்கும் போட்டால், மறுபக்கச் செயின் வண்டியைத் திருப்பிவிடும். விசையைத் துண்டிப்பது ஸ்டீயரிங் கிளட்ச். அதன் வெளி டிரம்மை இறுக்கிப் பிடிப்பது பிரேக் பேண்ட். லீவரை இழுத்தும் வண்டி திரும்பவில்லை என்றால், முதல் சந்தேகம் பெரும்பாலும் கிளட்ச் பிளேட்டின் மேல்தான் விழுகிறது. பின்பகுதியைப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அந்தச் சந்தேகம் ஒரு தலைமுறை இயந்திரத்துக்குப் பொருந்தும், அடுத்த தலைமுறைக்குப் பொருந்தாது என்பதே இக்கட்டுரையின் வாதம். எந்த வடிவமைப்பு எந்தக் காலத்தில் வந்தது என்று அறிவதே பழுதறிதலின் முதல் படி.

1904 நவம்பரில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் அருகே பெஞ்சமின் ஹோல்ட் சோதித்த நீராவி டிராக்டர் செயினில் ஓடினாலும், திசை காட்ட முன்னால் ஒரு சக்கரம் இருந்தது. 1919-இல் சி. எல். பெஸ்ட் நிறுவனம் வெளியிட்ட 60 குதிரைத்திறன் டிராக்டர் அந்தச் சக்கரத்தைக் கைவிட்டு, திருப்பும் வேலை முழுவதையும் இரு கிளட்ச்களிடமும் பிரேக்குகளிடமும் ஒப்படைத்தது. 1925-இல் ஹோல்ட், பெஸ்ட் நிறுவனங்கள் இணைந்து கேட்டர்பில்லர் ஆன பிறகு, இந்த அமைப்பே பெருவழக்காயிற்று. கிளீட்ராக் டிராக்டர்கள் அந்த நாளிலேயே டிஃபரன்ஷியல் வழியாகத் திரும்பின என்பதையும் குறிக்க வேண்டும்; வளர்ச்சி ஒரே நேர்கோட்டில் நடக்கவில்லை. தொடக்ககாலக் கிளட்ச்கள் உலர் வகை. அவற்றின் பகைவர்கள் இருவர்: சீல் கசிந்து உள்ளே வரும் எண்ணெய், மழையில் நின்ற வண்டிக்குள் படியும் துரு. எண்ணெய் பட்டால் பிளேட் வழுக்கும். துருப் பிடித்தால் ஒட்டிக்கொண்டு பிரியாது. இரண்டுமே பிளேட்டில் இருக்கும் கோளாறுகள் என்பதால், பிரித்துப் பார்ப்பதே அன்று முறையான வைத்தியம்.

இந்தியாவில் இந்த அனுபவம் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்தான். மத்திய டிராக்டர் அமைப்பு போரில் மிஞ்சிய அமெரிக்க ராணுவ டிராக்டர்களைக் கொண்டு தரிசு நிலங்களைச் சீர்திருத்தியது. 1949-இல் உலக வங்கி அந்தப் பணிக்கு 1 கோடி டாலர் கடன் தந்தது. 1964-இல் நிறுவப்பட்ட பாரத் எர்த் மூவர்ஸ், ஜப்பானின் கோமாட்சு தொழில்நுட்பத்துடன் கோலார் தங்கவயலில் டி80, டி155 போன்ற டோசர்களைத் தயாரித்தபோது, எண்ணெயில் மூழ்கிய ஈரக் கிளட்ச் நம் சுரங்கங்களுக்குள் வந்தது. அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை 1979-இல் தொடங்கியது. அதன்பின் தனியார் ஆலைகளும் பெருகின. கிரிட்டேசியஸ் காலக் கடலடியில் படிந்த இங்குள்ள சுண்ணாம்புக்கல், களிமண்ணும் சுண்ணாம்புக் களியும் இடையிடையே கலந்தது. மேலே கரிசல். ரிப்பர் பூட்டிய டோசருக்கு ஏற்ற நிலம். ஸ்டீயரிங்குக்கோ கடினமான நிலம்.

ஈரக் கிளட்சில் நோயின் இருப்பிடமே மாறிவிட்டது. டி80, டி155 வகைகளில் ஸ்பிரிங் பிளேட்டுகளை அழுத்திச் சேர்த்து வைக்கும். லீவரை இழுத்தால் எண்ணெய் அழுத்தம் அவற்றைப் பிரிக்கும். எண்ணெய் அழுத்தம் குறைந்தால் கிளட்ச் பிரியாது, வண்டி திரும்பாது. பின்னர் வந்த சில வடிவமைப்புகளில் எண்ணெய் அழுத்தமே பிளேட்டுகளைச் சேர்க்கிறது. அங்கே அதே குறைவு கிளட்சை வழுக்க வைக்கும், பாரம் வந்ததும் அந்தப் பக்கச் செயின் தளரும். காரணம் ஒன்று, அறிகுறிகளோ நேர் எதிர். அறிகுறியை மட்டும் மனப்பாடம் செய்தவர் இங்கே தவறுவது உறுதி. ஆகவே விசாரணை வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். எண்ணெய் அளவு, ஃபில்டர், லீவர் இணைப்புகளின் ஆட்டம், பிறகு அழுத்தமானியின் அளவு; கடைசியில்தான் ஸ்பேனர். இரு பக்கங்களுக்கும் ஒரே பம்ப் எண்ணெய் தரும் வண்டியில், இரு பக்கமும் ஒருசேரத் தளர்ந்தால் பம்ப், ஃபில்டர், ரிலீஃப் வால்வு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தளர்ந்தால் அந்தப் பக்கத்து வால்வு, பிஸ்டன் சீல், பிளேட். ஃபில்டரை அறுத்து விரித்தால் அதுவே சாட்சி சொல்லும்: மென்மையான லைனிங் தூள் படிந்திருந்தால் தேய்மானம், மின்னும் உலோகச் சிம்புகள் இருந்தால் பேரிங் அல்லது கியர்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம்: பழுது வடிவமைப்பில் இல்லை, கரிசலிலும் ஆபரேட்டரின் பழக்கத்திலும்தான் இருக்கிறது என்று. பாதி உண்மை. ஈரக் கரிசல் ஒரு பக்க ஸ்ப்ராக்கெட்டில் அப்பிச் செயினை இறுக்கினாலும், பிளேடின் ஒரு மூலையில் மட்டும் பாரம் ஏறினாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பிளேடைத் தூக்கியதும் இழுப்பு நின்றால், கிளட்சைக் குற்றம் சொல்வதற்கு முன் பாரத்தைப் பார்க்க வேண்டும். ரிப்பர் பல் தரையில் ஊன்றியிருக்கத் திருப்பினால் கிளட்சும் பிரேக்கும் ஒருசேரச் சூடேறும். சுரங்கச் சரிவில் இறங்கும்போது பிரேக் இல்லாமல் லீவரை மட்டும் இழுத்தால், விடுபட்ட செயின் பாரத்தின் வேகத்தில் முந்தி ஓடி வண்டியை எதிர்த்திசையில் திருப்பும். இதைப் பழுதென்று எண்ணிக் கிளட்சைப் பிரித்தால் வேலையும் வீண், செலவும் வீண். ஆனால் இந்த எதிர்த்திருப்பம்கூடக் கிளட்ச் வழித் திருப்பத்தின் இயல்பிலிருந்து பிறப்பதுதான். மண்ணையும் மனிதரையும் குறை சொல்வதால் வடிவமைப்பை அறியும் கடமை நீங்காது.

இரண்டாவது மறுப்பு கனமானது. 1987-இல் கேட்டர்பில்லரின் டி8என் டிஃபரன்ஷியல் ஸ்டீயரிங்குடன் வந்தது. அதில் இரு செயின்களும் விசை இழக்காமலே திரும்புகின்றன. கோமாட்சுவும் பெரிய டோசர்களில் ஹைட்ராலிக் திருப்பத்துக்கு மாறியது. சென்சாரும் பிழைக் குறியீடும் வந்த பிறகு இந்தப் பழைய வரலாறு எதற்கு? சென்சார் அழுத்தம் குறைந்ததைச் சொல்லும். எதனால் குறைந்தது என்பதை ஃபில்டரும் எண்ணெயும்தான் சொல்ல வேண்டும். டிஃபரன்ஷியல் வண்டியில் ஸ்டீயரிங் கிளட்ச் இல்லாததால், அங்கே நேராகப் போகும் வண்டி தானாகச் சாய்ந்தால் ஸ்டீயரிங் பம்பையும் மோட்டாரையும் நோக்க வேண்டும். ஒரு சுரங்கத்தில் ஸ்பிரிங் கிளட்ச் வண்டியும் டிஃபரன்ஷியல் வண்டியும் அருகருகே ஓடும்போது, ஒன்றின் வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்யும் ஆபத்து கூடுகிறது. ஒவ்வொரு வண்டியின் பராமரிப்பு ஏட்டிலும் முதல் பக்கத்திலேயே, கிளட்சைச் சேர்ப்பது ஸ்பிரிங்கா எண்ணெயா, பிரேக்கைப் பிடிப்பது எது, இரு பக்கங்களுக்கும் பம்ப் ஒன்றா இரண்டா என்ற மூன்று விவரங்களையும் எழுதி வைக்க வேண்டும். ஷிப்ட் மாறி வரும் ஃபிட்டருக்கு அறிகுறிப் பட்டியலைவிட அவையே முதலில் தேவைப்படும்.