பேசாத நாயகனும் பேசிய ஆட்டக்காரர்களும்

ஒரு படைப்பைப் பற்றி அதை நுகர்ந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது நம் இலக்கிய வரலாறுகளில் பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நின்றுவிடுகிறது. 1950இல் தொடங்கிய 'பொன்னியின் செல்வன்' தொடரைக் கல்கி 1954இல் நிறைவு செய்தபோது, கதை சட்டென்று நின்றுவிட்டதாக வாசகர்கள் குறைப்பட்டுக் கடிதம் எழுதினார்கள். அவர்களுக்காகவே கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பாத்திரங்கள் பின்னர் என்ன ஆனார்கள் என்று விளக்க நேர்ந்தது. அந்த முடிவுரையைப் படித்தவர்கள் பல்லாயிரம் பேர். அதற்குக் காரணமான கடிதங்களைப் படித்தவர்கள் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியைச் சற்றும் எதிர்பாராத ஓர் இடத்துக்குக் கொண்டு செல்ல விரும்புகிறேன். கணினி விளையாட்டு என்றதும் இலக்கிய வாசகர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆனாலும் கடந்த முப்பது ஆண்டுகளில் அறிவியல் புனைகதையை நம் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் சந்தித்தது நூலகத்தில் அன்று, திரையின் முன்னால்தான். அங்கே அவர்கள் என்ன கண்டார்கள், எதை ஏற்றார்கள், எதை நிராகரித்தார்கள் என்பதும் ஒரு திறனாய்வு வரலாறுதான்.

சுடும் ஆட்டங்களில் ஒரு வகை உண்டு. அதில் நாயகனின் உருவம் நமக்குத் தெரியாது. அவன் கண்ணே நம் கண்; திரையின் அடியில் ஒரு கையும் ஓர் ஆயுதமும் மட்டும் தெரியும். நம் இலக்கணச் சொல்லால் சொன்னால் இது தன்மை இடத்து ஆட்டம். 1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட 'டூம்' இந்த வகையை உலகெங்கும் பரப்பியது. அதன் முதல் பகுதியை இலவசமாகவே படியெடுத்துக் கொடுத்தார்கள். செவ்வாய்க் கோளின் நிலவில் ஒரு படைவீரன் நரகத்திலிருந்து வந்த பூதங்களைச் சுட்டுக்கொண்டே போவான். கதை என்பது பெயரளவுக்குத்தான்.

கதையை நடுவே கொண்டுவந்து வைத்தது 1998 நவம்பரில் வெளிவந்த 'ஹாஃப் லைஃப்'. மைக்ரோசாஃப்டில் பணியாற்றிய கேப் நியூவெல், மைக் ஹாரிங்டன் இருவரும் 1996இல் தொடங்கிய வால்வ் என்ற நிறுவனத்தின் முதல் ஆட்டம் அது. கதிரியக்கப் பொருள் பாதியாகத் தேயும் அரை ஆயுட்காலம்தான் தலைப்பு. நியூ மெக்சிகோ பாலைவனத்தின் அடியில் பிளாக் மீசா என்றொரு ஆய்வுக்கூடம். கார்டன் ஃப்ரீமன் என்ற இருபத்தேழு வயது இயற்பியலாளன் ஒருநாள் வேலைக்குப் போகிறான். சோதனை ஒன்று பிசகி, வேற்றுலகத்தின் வாசல் திறந்துகொள்கிறது. உயிர் பிழைத்தவர்கள் இராணுவம் வந்து மீட்கும் என்று காத்திருக்கிறார்கள். இராணுவமும் வருகிறது, ஆனால் மீட்பதற்கு அல்ல, சாட்சிகளை அழிப்பதற்கு. தன் குடிமக்களை வாய்மூடச் செய்ய ஓர் அரசு எவ்வளவு தூரம் போகும் என்பதே கதையின் நடுநாடி.

இந்த ஆட்டம் ஆட்டக்காரர்களின் அபிப்பிராயத்திலேயே பிறந்தது என்பது மிகையன்று. 1997 நவம்பரிலேயே வெளிவந்திருக்க வேண்டியது. செய்ததில் திருப்தி இல்லாமல் பெரும்பகுதியைக் கலைத்துவிட்டு மறுபடி கட்டினார்கள். மார்க் லெயிட்லா என்ற நாவலாசிரியர் கதைப் பணிக்கு வந்து சேர்ந்தார். வெளியாட்களை அழைத்து ஆடவிட்டு, வடிவமைத்தவர்கள் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்கள். வழி தெரியாமல் ஆடுகிறவர் திணறினாலும் வாய் திறக்கக்கூடாது என்பது விதி. எங்கே சலித்தார், எங்கே தவறான வாசலில் முட்டிக்கொண்டு நின்றார் என்பதைக் கண்டு அந்த இடங்களைத் திருத்தினார்கள். அரங்கேற்றத்தின்போது அவையோர் தடை எழுப்பப் புலவர் விடை சொல்லும் மரபு நமக்குத் தெரியும். இங்கே புலவர் வாய்மூடி இருக்க, அவையோரின் தடுமாற்றமே தடையாக நின்றது.

வெளிவந்த பின் ஆட்டக்காரர்கள் ஒருமுகமாகப் பாராட்டியவை சில. முதலாவது, தொடக்கம். சுரங்க வண்டியில் பல நிமிடங்கள் பயணம். சுட ஒன்றுமில்லை, பார்க்க மட்டுமே. இரண்டாவது, கதை சொல்வதற்காக ஆட்டத்தை நிறுத்தித் திரைப்படத் துண்டு காட்டும் வழக்கம் இதில் இல்லை. நாம் பார்க்கத் திரும்பினால் தெரியும்; திரும்பாவிட்டால் தவறிவிடும். மூன்றாவது, இராணுவ வீரர்களின் அறிவு. மறைந்து நின்றால் கையெறி குண்டு வீசி வெளியே வரவைப்பார்கள். அன்றைய ஆட்டக்காரர்களுக்கு இது புதிய அச்சம். ஜெர்மனியில் இளைஞர் பாதுகாப்பு விதிகளுக்கு அஞ்சி அந்த வீரர்களை இயந்திர மனிதர்களாக மாற்றி வெளியிட்டார்கள். இரத்தம் போயிற்று, அதோடு கதையின் அறமும் போயிற்று. மனிதனை மனிதன் கொல்லவந்தான் என்பதல்லவா அங்கே செய்தி?

நாயகன் பேசாததைப் பற்றி மட்டும் கருத்து இரண்டாகப் பிரிந்தது. ஃப்ரீமன் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு சொல்லும் பேசுவதில்லை. அவன் மௌனமாக இருப்பதால் அந்த இடத்தை நாமே நிரப்பிக்கொள்கிறோம் என்றார்கள் ஒரு சாரார். எதிரே நின்று கண்ணீரோடு பேசுகிறவருக்குப் பதில் சொல்லாதவன் மனிதனா மரமா என்றார்கள் மறுசாரார். அகப்பாடல் படித்த நமக்கு இது சுவையான வழக்கு. அங்கே தலைமக்களுக்குப் பெயர் சுட்டக்கூடாது, கூற்று மட்டும் உண்டு. இங்கே பெயர் உண்டு, படிப்பு உண்டு, வயது உண்டு. கூற்று மட்டும் இல்லை. யாரும் தம்மை அங்கே பொருத்திக்கொள்ள வேண்டும் என்பதே இரண்டின் நோக்கமும். ஆகவே முதல் சாரார் பக்கமே நான் நிற்பேன்.

கருத்து வேறுபாடு குறைவாக இருந்தது கடைசிப் பகுதியில். நாயகன் 'ஸென்' என்ற வேற்றுலகத்துக்குத் தாவிப் போகிறான். ஈர்ப்பு விசை குறைந்த மிதக்கும் பாறைகளில் தாவித் தாவிச் செல்ல வேண்டும். அதுவரை இறுக்கமாக வந்த கதை இங்கே தளர்ந்துவிட்டது என்பது பெரும்பாலோர் முறையீடு. இந்த முறையீடு புலம்பலாக நின்றுவிடவில்லை என்பதுதான் இந்த வரலாற்றின் சிறப்பு. 2004இல் நிறுவனமே புதிய மென்பொருளுக்கு மாற்றித் தந்த பழைய ஆட்டம் ஏமாற்றம் அளித்ததால், ஆட்டக்காரர்கள் சிலர் ஒன்றுகூடி முழு ஆட்டத்தையும் தாங்களே முதலிலிருந்து கட்டத் தொடங்கினார்கள். 'பிளாக் மீசா' என்று பெயர். பூமியில் நடக்கும் பகுதிகளை 2012 செப்டம்பரில் இலவசமாக வெளியிட்டார்கள். ஸென் பகுதியை மட்டும் வெளியிடவில்லை. எல்லோரும் குறை சொன்ன பகுதியைக் குறையோடு திருப்பித் தர அவர்கள் மனம் ஒப்பவில்லை. அதை விரிவாக்கிப் புதிதாக வரைந்து, 2020 மார்ச்சில்தான் முழு ஆட்டமாக முடித்தார்கள். ஓர் அபிப்பிராயத்துக்காகப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த வாசகர்களை வேறெங்கும் நான் கேள்விப்பட்டதில்லை.

இனி நம் ஊருக்கு வருவோம்.

நசரத்பேட்டை பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் நெடுஞ்சாலையில் இருக்கிறது. இன்னும் சற்றுப் போனால் செம்பரம்பாக்கம் ஏரி. வெளிவட்டச் சாலை குறுக்கே வராத காலத்தில், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், இந்தச் சாலையோரம் பொறியியல் கல்லூரிகள் எழுந்தன. பல மாவட்டங்களிலிருந்தும் மாணவர்கள் வந்து தங்கினார்கள். அவர்களை நம்பிப் பூந்தமல்லிவரை பிரவுசிங் சென்டர்கள் முளைத்தன. மின்னஞ்சல் பார்க்க என்று பெயர். மாலை நேரங்களில் ஆட்டமே பிரதானம். தட்டுகள் ரிச்சி தெருவிலிருந்தும் பர்மா பஜாரிலிருந்தும் வந்தவை. பெரும்பாலும் படியெடுத்தவை.

நானும் அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவன். இலக்கிய மாணவனாக இருந்தபோதும் அந்த நாற்காலிகளின் பின்னால் நின்றிருக்கிறேன். ஆடுகிறவன் ஒருவன், பின்னால் நிற்பவர்கள் நான்கைந்து பேர். அமெரிக்க ஆங்கிலத்தில் விஞ்ஞானிகள் படபடவென்று பேசுவதைக் காதில் வாங்கிப் பொருள் சொல்ல ஒருவன் இருப்பான். திரௌபதியம்மன் கோயில் பாரதப் பிரசங்கத்தில் ஒருவர் செய்யுளைப் படிக்க மற்றொருவர் பொருள் விரிப்பாரே, அதே ஏற்பாடு. அங்கே பெயர்களும் மாறின. நாயகனின் முதல் ஆயுதம் எங்களுக்குக் கடப்பாரை. தலையில் தாவிக் கவ்வும் வேற்றுலகப் பிராணி நண்டு. அந்த விஞ்ஞானி கடப்பாரையைக் கையில் எடுத்ததும் அவன் எங்களுக்குத் தெரிந்த ஆளாகிவிட்டான்.

அந்தப் பின்வரிசையில் எழுந்த கருத்துகள் வேறு மாதிரியானவை. நாயகன் பேசாததைப் பற்றி அங்கே யாரும் குறைசொல்லிக் கேட்டதில்லை. ஆங்கிலம் வராத இடத்தில் நாமும் வாய்மூடித்தானே நிற்கிறோம் என்றான் ஒரு நண்பன். வேலைக்குச் சென்ற முதல் நாளே விபத்தென்றால் பழி யார் மேல் விழும் என்பது அங்கே பெரிய விவாதம். போபாலின் பெயர் தவறாமல் வந்தது. மேலிடத்தின் அவசரம், கீழே நின்றவனின் சாவு என்று அவர்கள் அந்தக் கதையைப் படித்தார்கள்.

2004 நவம்பரில் 'ஹாஃப் லைஃப் 2' வந்தது. அந்நிய ஆதிக்கத்தின் கீழ் வாடும் ஒரு நகரம். பெரிய திரைகளில் ஓயாமல் பேசும் ஓர் ஆட்சியாளன். நட்பான ஓர் இயந்திர நாய். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வை விகடனில் தொடராகப் படித்தவர்களுக்கு ஜீனோ நினைவுக்கு வராமல் போகாது. ஆட்டத்தை எல்லோரும் கொண்டாடினார்கள். அதன் வாசலை மட்டும் வெறுத்தார்கள். 'ஸ்டீம்' என்ற நிறுவனத்தின் இணைய அமைப்பில் பதிவு செய்து ஒப்புதல் பெற்றால்தான் காசு கொடுத்து வாங்கிய தட்டும் இயங்கும். வாங்கிய பொருள் என்னுடையதா, உன்னுடையதா என்று உலகெங்கும் கேட்டார்கள். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் தவழ்ந்துகொண்டிருந்த இடங்களில் அது கொள்கைக் கேள்வி மட்டுமல்ல, நடைமுறைத் தடை. பின்னாளில் அதே ஸ்டீம் உலகின் பெரிய ஆட்டக் கடையாயிற்று. வெறுத்தவர்களே அதன் வாடிக்கையாளர்கள் ஆனார்கள். பழகிப்போனதால் ஒரு கேள்வி தவறான கேள்வி ஆகிவிடுமா என்ன?

கதை 2007 அக்டோபரில் வந்த இரண்டாம் துணைப் பாகத்தோடு, ஒரு மரணத்தில், பாதியில் நின்றது. மூன்றாம் பாகம் வரவில்லை. லெயிட்லா 2016இல் நிறுவனத்தை விட்டு விலகி, 2017 ஆகஸ்டில் பெயர்களை மாற்றிக் கடித வடிவில் ஒரு முடிவைத் தம் தளத்தில் வெளியிட்டார். பத்தாண்டுக் காத்திருப்புக்கு அதுவே விடை என்று கண்ட ஆட்டக்காரர்கள் கொதித்துப் போனார்கள். அதே நிறுவனத்தின் 'டோட்டா 2' என்ற தொடர்பில்லாத ஆட்டத்தின் மேல் கண்டன மதிப்புரைகளைக் குவித்தார்கள், அதுவும் ஸ்டீமிலேயே. கல்கியின் வாசகர்களுக்கு முடிவுரை கிடைத்தது. இவர்களுக்கு 2020 மார்ச்சில் 'ஹாஃப் லைஃப்: அலிக்ஸ்' கிடைத்தது. அதை ஆட மெய்நிகர்க் கண்ணாடிக் கருவி வேண்டும். நம் தெருக்களில் அதை வாங்க வசதியுள்ளவர் எத்தனை பேர்?

ஆக, வெளிவருமுன் கேட்கப்பட்ட கருத்து ஆட்டத்தைச் செதுக்கியது. பின்னர் எழுந்த கருத்து ஸென்னை மறுபடி கட்டியது. செவிசாய்க்கப்படாத கருத்து கண்டனமாக வெடித்தது. இவை அனைத்துக்கும் எழுத்துச் சான்று உண்டு. நசரத்பேட்டைச் சாலையில் நாற்காலிக்குப் பின்னால் நின்று தமிழில் சொல்லப்பட்ட கருத்துக்குச் சான்று இல்லை. படியெடுத்த தட்டில் ஆடியவன் எந்தக் கணக்கிலும் ஆட்டக்காரன் அல்லன். வாங்காதவனின் அபிப்பிராயத்தை எந்த நிறுவனமும் கேட்பதில்லை. அந்த பிரவுசிங் சென்டர்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டுக் கைப்பேசிக் கடைகளாகவும் நகல் எடுக்கும் கடைகளாகவும் மாறிவிட்டன.

வாய்மொழிக் கதைகளையும் தாலாட்டுகளையும் தேடித் தொகுத்த நாட்டார் வழக்காற்று ஆய்வாளர்கள் நமக்கு ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். அச்சில் வராதது இல்லாததாகிவிடாது. ஆனால் சொன்னவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். அன்று பின்னால் நின்றவர்களுக்கு இன்று நாற்பது வயதுக்கு மேல். ஓர் அந்நியக் கதையைக் கடப்பாரை என்றும் நண்டு என்றும் போபால் என்றும் தமிழில் வாசித்த ஒரு தலைமுறையின் குறிப்பு நம் மொழியில் இருக்க வேண்டும். நம் கல்லூரிகளில் களப்பணிக்குத் தலைப்புத் தேடும் முதுகலை மாணவர்கள் இருக்கிறார்கள். ஒரு குறிப்பேடோடு அவர்கள் தொடங்கலாம். முதல் கேள்வியாக, அந்தக் கதை எங்கே முடிந்ததாக நினைத்தீர்கள் என்று கேட்கலாம்.