கொழும்பும் யாழ்ப்பாணமும்: வாழ்க்கைச் செலவு ஒப்பீடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

இரு நகரங்களின் வாழ்க்கைச் செலவை ஒப்பிடுவோர் பொதுவாக அரிசி, தேங்காய், விறகு, வீட்டு வாடகை ஆகியவற்றின் விலைகளை இரு நிரல்களில் எழுதி, எந்நகரில் கூட்டுத்தொகை மிகுகின்றதோ அந்நகரே செலவு மிக்கது என முடிவு கூறுவர். இம்முறை எளிமையானதே. ஆயினும் அளவுகோல் எந்நகரில் ஆக்கப்பட்டது என்ற வினாவை அது எழுப்புவதில்லை. கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் ஒப்பிடுமிடத்து இவ்வினாவே முதன்மையானது என்பதைச் சுட்டிக்காட்டுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அளவுகோல்

சுதந்திர இலங்கையில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வாழ்க்கைச் செலவின் அளவுகோலாக விளங்கியது, 1952 ஆம் ஆண்டினை அடியாண்டாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் ஆகும். கொழும்பு நகரத் தொழிலாளர் குடும்பங்களிடையே 1949–50 இல் நடத்தப்பட்ட வரவுசெலவு ஆய்வொன்றே இதற்கு ஆதாரமாயிற்று. இதில் உணவுக்கு 61.9 சதவீதமும், உடைக்கு 9.4 சதவீதமும், வாடகைக்கு 5.7 சதவீதமும், எரிபொருளுக்கும் வெளிச்சத்துக்கும் 4.3 சதவீதமும், ஏனையவற்றுக்கு 18.7 சதவீதமும் நிறை வழங்கப்பட்டது. ஒரு நகரின் ஒரு வகுப்பாரது நுகர்வைக் குறித்த இச்சுட்டெண், காலப்போக்கில் நாடு முழுவதற்கும் உரிய அளவுகோலாகக் கொள்ளப்பட்டது. சம்பள உயர்வு பற்றிய வாதங்கள் யாவும் இதனையே சுற்றி நிகழ்ந்தன. யாழ்ப்பாணத்துக்கெனத் தனியான சுட்டெண் எதுவும் இதற்கு ஈடாக வளர்த்தெடுக்கப்படவில்லை.

சந்தைக்கு வராத செலவு

கொழும்பில் குடியிருந்த தொழிலாளியோ எழுதுவினைஞரோ மாதந்தோறும் வாடகை கொடுத்தார். விறகையும் விலைக்கு வாங்கினார். யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பலவற்றுக்கு வளவும் வீடும் கிணறும் சொந்தமாயிருந்தன. கூரைக்கும் வேலிக்கும் பனையோலை, கிடுகு ஆகியவை பயன்பட்டன. ஒடியல், பினாட்டு முதலிய பனம் பண்டங்கள் உணவுக் குறையை ஓரளவு ஈடுசெய்தன. இவற்றுட் பல சந்தைக்கு வாராதவை. ஆகவே விலைப்பட்டியலிலும் இடம்பெறாதவை.

இதனைக் கொண்டு யாழ்ப்பாணத்தில் வாழ்க்கை மலிவானது என முடிவு செய்தல் பொருந்தாது. அங்கு வீட்டின் விலை மாத வாடகையாக அன்றி, தலைமுறைக்கு ஒருமுறை சீதனமாகக் கொடுக்கப்பட்டது. அவ்வீட்டைக் கட்டிய பணமோ பெரும்பாலும் கொழும்பிலும் மலாயாவிலும் ஈட்டிய சம்பளத்தின் சேமிப்பாகும். 1905 ஆம் ஆண்டில் புகையிரதப் பாதை இரு நகரங்களையும் இணைத்த பின்னர், கொழும்பிலே பகிர்ந்த அறையில் தங்கிச் சிக்கனமாக உண்டு, ஊருக்குக் காசுக்கட்டளை அனுப்பும் உத்தியோகத்தர் வாழ்வு பெருகிற்று. இரு நகரங்களின் வாழ்க்கைச் செலவும் ஒரே சம்பளத்திலிருந்து ஈடுசெய்யப்பட்ட இந்நிலையைத் தனி நகர்ச் சுட்டெண் எதுவும் காட்ட இயலாது.

ஒரே விலை, வேறு விளைவு

அரிசிப் பங்கீடு இரு நகரங்களையும் ஒருவகையிற் சமப்படுத்திற்று. சங்கக்கடை விலை கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பொதுவானதாகும். 1953 இல் பங்கீட்டு அரிசியின் விலை கொத்துக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டமை அவ்வாண்டு ஓகஸ்ட் 12 ஆந் திகதி ஹர்த்தாலுக்கு வழிவகுத்தமையும், பின்னர் பிரதமர் டட்லி சேனாநாயக்க பதவி துறந்தமையும் யாவரும் அறிந்தவை.

1970களில் நிலைமை வேறுபட்டது. செத்தல் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டதால் அவற்றின் விலைகள் ஏறின. கொழும்புக் குடும்பத்துக்குப் பாரமாக அமைந்த அதே விலையேற்றம் யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டக்காரருக்கும் விசுவமடு போன்ற வன்னிக் குடியேற்றங்களின் இளைஞருக்கும் வருமானமாயிற்று. 1977 இன் பின் இறக்குமதி தளர்த்தப்பட்டபோது, கொழும்பு நுகர்வோர் பெற்ற மலிவு வடபகுதிக் கமக்காரரின் நட்டமாக மாறிற்று. எனவே விலையை மாத்திரம் ஒப்பிட்டு, அவ்விலையால் வாழ்பவர் எவர் என்பதை நோக்காதுவிடின் ஒப்பீடு குறைபாடுடையதாகும்.

அளக்கப்படாத காலம்

1990 யூனில் போர் மீண்டும் மூண்டதைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவையும் மின்விநியோகமும் அற்றுப்போயின. எரிபொருள், பசளை, சீமெந்து, மின்கலம் முதலிய பல பொருட்கள் தடைக்கோ கடுங்கட்டுப்பாட்டுக்கோ உள்ளாகின. சிறு போத்தலில் திரியிட்டுச் சில துளி மண்ணெண்ணெயில் எரித்த விளக்கொளியில் மாணவர் படித்தனர். பயணிகள் கிளாலிக் கடனீரேரியை உயிராபத்துடன் கடந்தனர். கொழும்பில் ஒரு பொருளின் விலை அதன் அருமையை உணர்த்துவது. இங்கோ பொருளே இல்லாதவிடத்து விலை என்ற கருத்தும் பொருளிழந்தது. பொருள் கிடைத்தவிடத்து அதன் விலையில் தூரமும் ஆபத்தும் சேர்ந்திருந்தன.

இக்காலத்தையே நாட்டின் புள்ளிவிபரங்கள் தவறவிட்டன. 1990/91, 1995/96 ஆம் ஆண்டுகளின் வீட்டு வருமான செலவின ஆய்வுகள் வடக்கு, கிழக்கு மாகாணங்களை உள்ளடக்கவில்லை. செலவு உச்சமடைந்த காலமும் செலவு அளக்கப்படாத காலமும் ஒன்றாகவே அமைந்தன. 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது பொருட்கள் வந்தன. விடுதலைப் புலிகள் வழியில் அறவிட்ட வரியும் விலையிற் சேர்ந்தது. 2006 ஓகஸ்டில் வீதி மூடப்பட்டதும் குடாநாடு மீண்டும் கப்பலை நம்பி வாழ நேர்ந்தது. 2013 ஆம் ஆண்டினை அடியாகக் கொண்ட தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் 2015 இல் வெளியிடப்பட்ட பின்னரே வடபகுதியின் நுகர்வும் நாட்டின் பொது அளவுகோலில் இடம்பெறலாயிற்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால், இவ்விரு நகரங்களின் வாழ்க்கைச் செலவு வேறுபாடு விலை வேறுபாடு மாத்திரமன்று. சொத்து, வழி, அரசின் கவனம் ஆகியவற்றின் வேறுபாடுமாகும் என்பது புலனாகும். அரசின் ஏடுகளில் இல்லாத விலைகளைச் சங்கக்கடைப் பதிவேடுகள், வணிகரின் கணக்குக் கொப்பிகள், இல்லத்தரசியர் குறித்துவைத்த மாதச் செலவுகள், போர்க்காலத்திலும் வெளிவந்த யாழ்ப்பாணப் பத்திரிகைகள் ஆகியவற்றிலேயே நாம் தேடவேண்டியுள்ளது. 1981 இல் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோதும், 1995 இல் மக்கள் ஒருசேர இடம்பெயர்ந்தபோதும் இத்தகைய ஆவணங்கள் பல அழிந்தன. எஞ்சியவற்றையும் கறையான் அரிக்கின்றது. அவற்றை எழுதியோரும் முதுமையுற்று மறைந்து வருகின்றனர். ஒரு பழைய செலவுக் கொப்பியைக் குப்பையென எறியுமுன் அதன் வரலாற்றுப் பெறுமதியை எண்ணுதல் வேண்டும். அவற்றைத் திரட்டிப் படியெடுத்துப் பேணுதல் நமது பல்கலைக்கழக மாணவர் உடனடியாக மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.